நேப்பிள்ஸில் தாத்தா பெயரும் புதுப் பெயரும்

நேப்பிள்ஸ் நகரின் பழைய பகுதியான ஃபோர்ச்செல்லாவில், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். ஆண் குழந்தையென்றால் நீல நிறத்திலும், பெண் குழந்தையென்றால் இளஞ்சிவப்பிலும் பெரிய நாடாப் பூ ஒன்றை வாசற்கதவில் தொங்கவிடுகிறார்கள். பலவற்றில் குழந்தையின் பெயரும் பூத்தையலாக இருக்கும். ஒரே சந்தில் ஒரு கதவில் ஜென்னாரோ என்றும் எதிர்க்கதவில் சோஃபியா என்றும் படித்தேன். இத்தாலியப் பெற்றோரின் இன்றைய இழுபறி முழுவதும் அந்த இரண்டு கதவுகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

ஜென்னாரோ அந்நகரின் பாதுகாவலரான புனிதரின் பெயர். செப்டம்பர் 19 அன்று அவருடைய இரத்தம் குப்பியில் உருகுவதைக் காணப் பேராலயத்தில் கூட்டம் நெரியும். அன்று அப்பெயருடைய அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கத்தோலிக்கர் நாமவிழா என்பார்களே, அதேதான். பலெர்மோவில் ரொசாலியா, பாரியில் நிக்கோலா என்று ஊருக்கு ஊர் புனிதர் மாற, பெயரும் மாறுகிறது. நேப்பிள்ஸில் 1984 முதல் 1991 வரை ஆடிய கால்பந்து வீரர் தியேகோ மரடோனாவின் புண்ணியத்தில் தியேகோ என்ற பெயரும் அங்கே ஏறக்குறைய புனிதர் பெயராகிவிட்டது.

தென் இத்தாலியில் புனிதரைவிடவும் வலுவானது தாத்தா பாட்டியின் உரிமை. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். அடுத்து வரும் பிள்ளைகளுக்கே அம்மா வழிப் பெயர்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் குடும்பத்தில், அண்ணன் தம்பிகள் எல்லோரும் தத்தம் மூத்த மகனுக்குத் தங்கள் தந்தையின் பெயரையே வைத்ததால், அந்தோனியோ என்று அழைத்தால் பல தலைகள் திரும்புமாம். அதனால் ஒருவர் தோதோ, ஒருவர் தோனினோ, ஒருவர் நினோ. அதே சமயம், உயிருடன் இருக்கும் தந்தையின் பெயரை மகனுக்கு வைக்க 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டம் இடம் தருவதில்லை. கேலிக்குரிய பெயர்களுக்கும் அங்கே தடை உண்டு. ஜெனோவாவில் ஒரு தம்பதியர் மகனுக்கு வெள்ளிக்கிழமை என்று பொருள்படும் வெனெர்தி என்ற பெயரைச் சூட்ட முயன்றபோது, நீதிமன்றம் அதை மறுத்து, அவன் பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயரான கிரெகோரியோவை வைக்கச் செய்தது. எனக்கு இது சற்று அதிகப்படியாகவே தோன்றுகிறது.

பெயர் வைக்கக் குடும்பமே இல்லாத குழந்தைகளின் வரலாறும் ஃபோர்ச்செல்லாவிலேயே இருக்கிறது. அனுன்சியாத்தா தேவாலயத்தை ஒட்டிய சுவரில் ஒரு மரச்சுழல் பொருத்தப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து தாய் குழந்தையை அதில் கிடத்திச் சுழற்ற, உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 1875இல் அது மூடப்பட்டது. கைவிடப்பட்டவர் என்று பொருள்படும் எஸ்போசிதோ என்ற குடும்பப்பெயரை அக்குழந்தைகள் பெற்றார்கள். இன்று அந்நகரில் அழைப்புமணிப் பலகைகளைப் பார்த்தால், அந்தப் பெயர் இல்லாத கட்டடம் அரிது.

இப்போது நாடு முழுவதும் பெயர்கள் ஒரே மாதிரி ஆகிக்கொண்டிருக்கின்றன. தேசியப் புள்ளிவிவர நிறுவனத்தின் பட்டியலில் 2018 முதல் லியோனார்தோ முதலிடத்தில் இருக்கிறது. பெண்களில் சோஃபியா அதற்கும் முன்பிருந்தே. மோகம் மட்டும் இதற்குக் காரணமல்ல என்பது என் எண்ணம். 2008இல் ஏறத்தாழ 5,77,000 குழந்தைகள் பிறந்த நாட்டில் 2023இல் பிறந்தவை சுமார் 3,80,000 மட்டுமே. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்றான பிறகு அம்மா வழித் தாத்தாவின் முறை வருவதே இல்லை. சண்டையைத் தவிர்க்க, இரு தரப்புக்கும் சொந்தமில்லாத பெயரே வசதியாகிறது.

சட்டம் மூன்று பெயர்கள் வரை அனுமதிப்பதால் சமரசத்துக்கும் வழியுண்டு. வீட்டுக்காரம்மாவின் பேரன் பதிவேட்டில் லியோனார்தோ அந்தோனியோ. லியோனார்தோவுக்குரிய நாள் நவம்பர் 6. பாட்டியோ, பதுவை அந்தோனியாரின் ஜூன் 13 அன்றுதான் இனிப்பு வாங்குகிறார், மருமகள் என்ன சொன்னாலும் சரி.