'டி' எழுத்துப் போட்ட செப்புக்காசு

திருகோணமலை டவுனில் எனக்கு மணிக்கூடு திருத்தும் கடை. பழைய காசு சேர்க்கிறவன் என்று தெரிந்ததால் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் கையில் ஒரு பொட்டலத்தோடு வருவார்கள். "இது என்ன விலை போகும் அண்ணை?" என்பதுதான் முதல் கேள்வி.

பொட்டலத்தில் அடிக்கடி வருவது ராமர், சீதை உருவம் பொறித்த, 1818 என்று ஆண்டு போட்ட 'கிழக்கிந்தியக் கம்பனிக் காசு'. அரிசியை இழுக்கும், கோடி ரூபாய்க்கு வாங்க ஆள் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கம்பனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. அது பிற்காலத்தில் செய்து விற்ற வில்லை, அவ்வளவுதான். அதை நம்பி முற்பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அடுத்த நம்பிக்கை, பழசென்றால் விலை என்பது. ஒல்லாந்தர் கம்பனியின் துட்டு என்ற சிறு செப்புக்காசு இருநூறு வருசத்துக்கு மேல் பழையது. ஆனால் நெதர்லாந்தில் ஏராளமாக அடித்துக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். தேய்ந்தது என்றால் சொற்ப விலைதான். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடுகிறவர் எத்தனை பேர் என்பதுதான் விலை.

அதே ஒல்லாந்தர் இலங்கையிலேயே அடித்த 'ஸ்டைவர்' என்ற செப்புக்காசுகளைக் கண்டால் மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். தடித்த, ஒழுங்கில்லாத செப்புத் துண்டு, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஒல்லாந்தர் கம்பனியின் VOC என்ற எழுத்துகளைப் பின்னிய முத்திரை இருக்கும். அதற்கு மேலே லென்சைப் பிடியுங்கள். 'சி' (C) என்றால் கொழும்பு, 'ஜி' (G) காலி, 'ஐ' (I) யாழ்ப்பாணம். 'டி' (T) இருந்தால் அது எங்கட திருகோணமலையில் அடித்த காசு. 1795இல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிடிப்பதற்கு முந்திய சில வருசங்களின் வேலை அது. அந்த எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் நான் அதைக் கீழே வைக்க மாட்டேன். ஊர்க்காரர் கையில் அது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பழப்புளி, பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். செம்பில் காலம் ஏற்றிய கறுத்த மண்ணிறம் போய்விட்டால், சேர்க்கிறவர்கள் கேட்கும் விலை அந்த நிமிசமே விழுந்துவிடும். வெள்ளிக்கும் இதுதான். விக்டோரியா ராணியின் 1892ஆம் ஆண்டு ஐம்பது சதத்தில் வெள்ளி நூற்றுக்கு எண்பது. 1919இலிருந்து அது ஐம்பத்தைந்தாகக் குறைந்தது. அதனால் ஆண்டைப் பார்க்காமல் நகைக்கடைத் தராசுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தாள்காசில் எனக்குப் பிரியமானது 1942இல் வந்த ஐந்து சதத் தாள். யுத்தகாலம், சில்லறைக்கு உலோகத் தட்டுப்பாடு. அந்த வருசம் ஏப்ரலில்தான் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. இரண்டு சதமும் மூன்று சதமும் ஒட்டியபடி, நடுவில் தபால் முத்திரைத் தாள்போலத் துளையிட்டு அச்சடித்திருப்பார்கள். கிழித்தால் இரண்டு காசு. சாமானுக்காகக் கிழித்துக் கிழித்தே கொடுத்திருப்பார்கள், ஆகவே கிழியாத முழுத்தாளைத்தான் சேர்க்கிறவர்கள் தேடுகிறார்கள். மடிப்பு விழுந்த தாளை இஸ்திரி போட்டு நிமிர்த்தாதீர்கள், ஒட்டுநாடாவும் கிட்டப் போகக்கூடாது.

இன்னொன்று, தோட்டம் கொத்தும்போது மண்ணுக்குள் பழங்காசு கிடைத்தால் அது தொல்பொருட் சட்டத்துக்குள் வரும், விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ பார்க்கக்கூடாது. அலுமாரியில் அப்பப்பா விட்டுப்போன டப்பா என்றால் இரண்டு பக்கமும் படம் எடுத்து, நிறையோடு எனக்கு அனுப்புங்கள். 'டி' இருந்தால் அன்றைக்கே பதில் போடுவேன்.