கலங்கல் தண்ணீரில் கணக்கெடுப்பு

சிங்கப்பூர்க் கடலில் முக்குளிக்கிறேன் என்றால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். "மலேசியாவில் தியோமான் தீவுக்குப் போகவேண்டியதுதானே, இங்கே என்ன தெரியும்?" நியாயமான கேள்விதான். இங்குள்ள புலாவ் ஹந்து தீவில் நல்ல நாளிலேயே இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கண் எட்டாது. தலையை வெளியே தூக்கினால் எதிரே புக்கோம் தீவு எண்ணெய் ஆலையின் தொட்டிகள். முகத்தை உள்ளே விட்டால் பச்சைக் கலங்கல்.

சிங்கப்பூர்க் கடலின் இந்தக் கலங்கலுக்குள்தான் 250க்கும் மேற்பட்ட வன்பவள இனங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கியதிலும் தூர்வாரியதிலும் எழுந்த வண்டல் வெயிலை மறைப்பதால், எட்டு மீட்டருக்குக் கீழே பவளம் அதிகம் இருக்காது. எங்கள் வேலையெல்லாம் மேல்மட்டத்தில்.

வேலை என்றால் சம்பளமில்லா வேலை. பவளப்பாறைகளில் என்னென்ன இருக்கிறது என்று தன்னார்வலர்கள் கணக்கெடுப்பது. 1997இலிருந்து பல நாடுகளில் நடக்கும் 'ரீஃப் செக்' முறைதான் இங்கேயும். 100 மீட்டர் நாடாவை விரித்து, அதில் 20 மீட்டர் நீளத்துக்கு நான்கு துண்டுகள், நடுவே ஐந்தைந்து மீட்டர் இடைவெளி. ஒரு ஜோடி மீன்களை எண்ணும், இன்னொரு ஜோடி கடல் முள்ளெலி, சிப்பி, இறால் வகையறாவை. எனக்குப் பிடித்தது மூன்றாவது: அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக, அடியில் இருப்பதைக் குறிப்பது. நூலில் கட்டிய ஈயக்குண்டை, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கிற மாதிரி, நாடாவிலிருந்து இறக்குவோம். குண்டு எதைத் தொட்டதோ அதைத்தான் எழுதவேண்டும். இரண்டு விரற்கடை தள்ளிப் பளிச்சென்று பச்சையாக ஒரு மூளைப் பவளம் இருக்கும். குண்டு விழுந்ததோ சேற்றில். மனசு கேட்காது. சேறு என்றே எழுதவேண்டும். இப்படி 160 புள்ளி.

2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன, 2024இலும் அப்படியே. அப்போது இந்த வேலை இன்னும் சிக்கல். வெளுத்தது வேறு, செத்தது வேறு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். ஒரு சாண் தூரத்துக்குப் போய், கையால் தண்ணீரை மெல்ல விசிறி வண்டலை விலக்கினால், உயிருள்ளதில் நிறமற்ற மெல்லிய சதை எலும்புக்கூட்டின்மேல் படிந்திருப்பது தெரியும். அதை உயிர்ப்பவளம் என்றே கணக்கில் சேர்க்கவேண்டும். சதை போய்ப் பள்ளங்கள் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், அண்மையில் செத்தது. கலங்கலில் ஒரு நன்மை, எட்ட நின்று ஊகிக்க வழியே இல்லை.

படிவத்தில் நெப்போலியன் மீனுக்கும் ஒரு வரி உண்டு. நெற்றி புடைத்த பெரிய மீன்; விருந்து மேசைக்காகப் பிடித்துப் பிடித்தே பல இடங்களில் அருகிப்போனது. இங்கே நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. போன முறை புதிதாக வந்த பையன் படகில் கேட்டான்:

"அக்கா, இந்த வரியை விட்டுடலாமா? எப்படியும் இருக்கப்போறதில்ல."

"சைபர் போடு, தம்பி. வெறுமனே விட்டா, நீ தேடவே இல்லன்னு ஆகிடும்."

முணுமுணுத்துக்கொண்டே நான்கு துண்டுக்கும் நான்கு சைபர் போட்டான். என் படிவங்களில் அந்த வரி இத்தனை வருடமும் அப்படித்தான்.

வர நினைப்பவர்களுக்கு: மீன் பெயரெல்லாம் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மிதவைக் கட்டுப்பாட்டை, அதாவது தரையில் படாமலும் மேலே எழும்பாமலும் நடுநீரில் நிலையாக நிற்பதை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு வாருங்கள். துடுப்புக்கால் ஒருமுறை தரையில் பட்டால் வண்டல் கிளம்பி, பின்னால் வருகிற ஜோடிக்கு நாடாவே தெரியாது. அப்புறம் படகில் ஏறியதும் கிடைக்கும் திட்டுக்கு நான் பொறுப்பில்லை.