ரெக்கார்டில் மாறிவிட்ட எங்கள் தெருப் பைப்

போன வாரம்தான் எங்கள் தெருவின் குடிநீர்ப் பைப் வேலை எஸ்டிமேட்டில் ஏறியது. பதினான்கு மாதம் ஆனது. அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் இருப்பது பழைய காஸ்ட் அயர்ன் பைப். உள்ளே துருக்கட்டி துவாரம் சுருங்கிவிட்டது, ஜாயின்ட்டுகளும் கசிகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். நிறுத்தியதும் பைப் காலியாகிப் பக்கத்துச் சாக்கடைக் கசிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது முதல் பத்து நிமிடம் நாறிக்கொண்டே வரும். கடைசி வீட்டுக் குழந்தைக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு.

பைப்பை மாற்றச் சொல்லி மனு கொடுக்கப் போனால், "உங்க தெருவுல பைப் மாத்தியாச்சே, ரெக்கார்டுல இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார் எழுத்தர். வரைபடத்தைக் காட்டுங்கள் என்றால், பொறியாளரைப் பாருங்கள் என்றார். பொறியாளர் எப்போது போனாலும் ஆய்வுக் கூட்டத்தில். மூன்று நடை வீண். மூன்றாவது முறை சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன், படியிறங்கும்போது கண் கலங்கிவிட்டது.

அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். அதிலும் ஒரு தப்பு செய்தேன். 'எப்போது மாற்றுவீர்கள்?' என்று கேட்டதற்கு, 30 நாள் கழித்து 'நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்' என்று ஒரே வரி வந்தது. கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். இரண்டாவது மனுவில் பணி முடிந்த வரைபடத்தின் நகலையும் எம்-புக் (செய்த வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகம்) பக்கங்களையும் கேட்டேன். புது டி.ஐ. (டக்டைல் அயர்ன் எனும் இரும்பு) பைப் பதித்த அளவெல்லாம் அதில் இருந்தது. வீட்டு இணைப்புகளை மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

அந்த நகலோடு, தண்ணீர் திறந்துவிடும் அண்ணனிடம் போய் நின்றேன். "புது லைன் தெற்கு ஓரமா கிடக்குது, மூலையில எண்டு கேப் போட்டு முனையை மூடி விட்டுட்டாங்க. நீங்க எல்லாரும் பழசுலதான் இருக்கீங்க" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே அவரிடம் போயிருக்க வேண்டும்.

இதற்குள் பொறியாளர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் தண்ணீர் விடும் நேரத்திலேயே குளோரோஸ்கோப்போடு வந்தார், தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகக் காட்டும் கருவி அது. மூலை வீட்டில் நல்ல மஞ்சள் நிறம், கடைசி வீட்டில் நிறமே இல்லை. கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். உடனே மூலையில் குழி தோண்டச் சொன்னார். எண்டு கேப் கண்ணில் பட்டதும் தெருவே கூடிவிட்டது.

இதன் பிறகு எஸ்டிமேட் சுலபமாக நகர்ந்தது. ஆனால் மூன்று விஷயங்களை அதில் எழுத்தில் வாங்குங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த பைப்பை அழுத்தச் சோதனை செய்து, கழுவி, குளோரின் விட்ட பிறகே இணைக்க வேண்டும். வீடு வீடாக இணைப்பு மாற்றுவதும் அதே வேலையில் சேர வேண்டும், எங்களுக்கு 41 வீடு. பழைய லைனை மூலையிலேயே துண்டித்து அடைக்க வேண்டும். அதை விட்டுவைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு டெண்டரும் தயாராக இருந்தது. பைப் வேலை முடியும்வரை அதை நிறுத்திவைக்க இன்னொரு மனு கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்திருக்கிறேன்.