குயின் மேரி 2 (1:400): வாட்டர்லைன் ஒருவழியா நேரா வந்துடுச்சு

மூணாவது தடவையா பெயிண்ட் மறைக்கற டேப்பை உரிச்சேன், என் கப்பல் மாடலோட வாட்டர்லைன், அதாவது தண்ணி மட்டத்துல கறுப்பும் சிவப்பும் சேர்ற இடம் கத்தி வச்சு வெட்டின மாதிரி சுத்தமா இருக்கு! ரெண்டு வாரமா இந்த ஒரே ஒரு கோட்டுக்காக உக்காந்திருந்தேன், அதான் மத்ததெல்லாம் பாதியில கிடந்தாலும் இதை முதல்ல எழுதிடறேன்.

நிஜக் கப்பல் 345 மீட்டர், நம்ம மாடல் 86 சென்டிமீட்டர். தண்ணிக்குள்ள மூழ்கியிருக்கறது ஏறக்குறைய 10 மீட்டர்ங்கறதால அடியிலேர்ந்து 2.5 சென்டிமீட்டர்ல கோடு வரணும். நடுவுல பக்கச்சுவர் செங்குத்து, ஒரு கஷ்டமும் இல்ல. பின்பக்கம்தான் உயிரை எடுத்துடுச்சு. கப்பலை டிசைன் பண்ணின ஸ்டீஃபன் பெய்ன் அங்க கான்ஸ்டான்ஸி ஸ்டெர்ன் வச்சிருக்கார், அதாவது கீழ பாட் (கப்பலைத் தள்ற ப்ரொப்பெல்லர் கூடு) மாட்டறதுக்கு தட்டையான ட்ரான்ஸம் (பின்முனைச் சுவர்), மேல பின்னாலேர்ந்து வர்ற அலைக்காக வளைவு, ரெண்டும் ஒண்ணா. அட்லாண்டிக்கைத் தாண்டற கப்பலுக்கு அது தேவைதான், ஆனா அங்க ஹல் (கப்பலோட உடம்பு) படுத்த மாதிரி போறதால பென்சில் அரை மில்லிமீட்டர் ஏறினாலே கோடு மூணு நாலு மில்லிமீட்டர் ஓடிடுது. கண் மதிப்புல டேப் ஒட்டாதீங்க, ரெண்டு தடவையும் அங்கதான் கெட்டுச்சு.

இப்ப செஞ்சது இதுதான்: மேஜைல கண்ணாடித் தகடு, அதுமேல ஹல்லை ஆடாம நிறுத்தி, மரக்கட்டையில பென்சிலைக் கட்டி, கட்டையை நகர்த்தி சுத்தி வந்தேன். அகல டேப் வளைவுல சுருங்குது, 2 மில்லிமீட்டர் டேப்தான் படியுது. அப்புறம் சிவப்பு ஏற்கனவே அடிச்சிருந்ததால டேப் ஓரத்துல மறுபடி அதே சிவப்பை லேசா ஒரு கோட்டிங், காஞ்சதும் கறுப்பு. கசியறதா இருந்தா சிவப்புதான் கசிஞ்சு ஓட்டையை அடைக்கும், கறுப்பு உள்ள போகவே போகாது.

டீகால் ஷீட் (மாடல்ல ஒட்டற எழுத்து, சின்னம்லாம் அச்சடிச்ச தாள்) ஒருத்தர்கிட்ட தனியா வாங்கினேன், மஞ்சளடிச்சுப்போய் வந்துச்சு, போட்டோல வெள்ளையாக் காட்டிட்டு இப்படி அனுப்பறது ரொம்பத் தப்பு. ஜன்னல்ல ஒட்டி வெயில் காட்டிட்டிருக்கேன், கொஞ்சம் வெளுத்திருக்கு.

2016-ல ஹாம்பர்க்ல ரீஃபிட் பண்ணி புது கேபின்லாம் சேத்தாங்க, ஆனா நான் 2004 ஜனவரில முதல் பயணம் கிளம்பின கோலத்துலதான் கட்டறேன், அந்த உருவம்தான் மனசுல நிக்குது. புகைபோக்கியை இப்பவே எடுத்து வச்சுப் பாத்தேன். நியூயார்க்ல வெரசானோ பாலத்துக்குக் கீழ நுழையணும்னு உயரத்தைக் குறைச்சு, புகை டெக்ல இறங்காம மேல தள்ள முன்னாடி காத்து வாங்கற வாய் வச்சிருக்காங்களே, கிட்ல அது மொழுக்கட்டையா இருக்கு, சுரண்டி ஆழமாக்கணும். அடுத்து குயின் எலிசபெத் 2-வும் இதே அளவுல பண்ணி பக்கத்துல நிறுத்தற ஆசை வேற.

அதுக்கு முன்னாடி பாட் நாலும் ஒட்டணும். முன் ஜோடி அசையாதது, பின் ஜோடிதான் சுத்தும், அதனால பின்னாடி ரெண்டை மட்டும் பசை போடாம சின்ன ஊசிக் கம்பி வச்சு மாட்டப்போறேன்.