கசிந்த கியர்பாக்ஸ் ஆயில் குழாயை மீண்டும் பொருத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் பழைய கார். அதன் ரேடியேட்டரை மாற்றிய சில வாரங்களில், வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செந்நிறக் கறை தென்படத் தொடங்கியது. ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலாக இருந்தால் நிறம் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்திருக்கும். ரேடியேட்டர் திரவத்தையும் சிலர் சிவப்பாக ஊற்றுவதுண்டு என்பதால், கறையில் இரண்டு சொட்டை எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அது கரையாமல் மேலே மிதந்தது. ஆகவே கியர்பாக்ஸ் ஆயில்தான் என்பது உறுதியாயிற்று. அந்த ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதே கசிவை அடையாளம் காண்பதற்காகத்தான், உயவுக்குச் சாயத்தால் எந்தப் பயனும் இல்லை.

சிறு கசிவுதானே என்று வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. கியர்பாக்ஸிலிருந்து சூடாக வெளிவரும் ஆயில் ஓர் இரும்புக் குழாய் வழியாக ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் சிறிய குளிர்விப்பானுக்குச் சென்று, மற்றொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. இந்த ஓட்டம் அடைபட்டிருக்கிறதா என்று பட்டறைகளில் சோதிக்கும்போது, 20 முதல் 30 நொடிக்குள் ஏறத்தாழ 1 லிட்டர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அப்படியானால் ஒரு குழாய் முழுவதுமாகக் கழன்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் கியர்பாக்ஸ் ஏறக்குறைய வறண்டுவிடும். உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம்தான். அது குறையும்போது தட்டுகள் வழுக்கிக் கருகத் தொடங்கும். சூடேறிய சைலன்சர் குழாயின் மேல் ஆயில் சொட்டினால் தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு. வண்டியை அன்றே நிறுத்திவிட்டேன்.

முன்பக்கத்தைத் தூக்கி, கட்டமைப்பின் உறுதியான இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியின் எடையை அவற்றின் மேல் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது: முன்சக்கர வண்டியில் கியரைப் 'பி' (பார்க்கிங்) நிலையில் வைத்தால் பூட்டிக்கொள்வது முன்சக்கரங்கள் மட்டுமே, அவையோ இப்போது காற்றில் தொங்குகின்றன. எனவே கைபிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை வைத்தேன். எஞ்சினை அணைத்து மூன்று மணி நேரம் ஆன பிறகே அடியில் நுழைந்தேன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டேன்.

கசிவின் ஊற்றைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கி அடித்துப் பரப்பிவிடுவதால், அதிகம் நனைந்திருக்கும் இடம் ஊற்று இல்லை. நனைந்த பரப்பில் எல்லாவற்றுக்கும் மேலாகவும் முன்னாலும் இருக்கும் புள்ளியைத்தான் தேட வேண்டும். பிரேக் கிளீனரால் அந்தப் பகுதி முழுவதையும் கழுவி உலரவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லிய தூரிகையால் தூவினேன். பிறகு அடியிலிருந்து வெளியே வந்து, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி ஆறவிட்டுப் பார்த்தபோது வெள்ளைப் பவுடரின் மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. அது தொடங்கிய இடம், ஆயில் வெளியேறும் குழாய் கியர்பாக்ஸில் சேரும் நட். அந்த நட்டுக்கும் சப்ஃபிரேமுக்கும் (எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டம்) இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கையை நுழைத்தால் பார்வை மறைந்துவிடும், பார்க்க வேண்டுமானால் கையை வெளியே எடுக்க வேண்டும்.

முதல் முயற்சியில் நான் செய்தது தவறு. நட் தளர்ந்திருக்கும் என்று கருதி, சாதாரண வாய் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினேன். நட் திரும்பியது, ஆனால் சொட்டு நிற்கவில்லை. இன்னும் சிறிது இறுக்கியபோது நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கியதை விரலால் உணர்ந்து நிறுத்திக்கொண்டேன். வாய் ஸ்பேனர் நட்டின் ஆறு முகங்களில் இரண்டை மட்டுமே பிடிக்கிறது. இத்தகைய குழாய் நட்டுகளுக்கென்றே, குழாய் நுழைவதற்கு ஒரு பக்கம் மட்டும் திறப்பு விட்ட வளைய ஸ்பேனர் உண்டு. ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று கேட்டால் கிடைக்கும், அது ஐந்து முகங்களைப் பிடிக்கும். அதை வாங்கி வரும்வரை வேலையைத் தொடவில்லை.

இரண்டாம் முயற்சியில், இறுக்குவதை விட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். நட் திருகி நுழைவது கியர்பாக்ஸில் பொருத்திய ஓர் அடாப்டருக்குள், அதாவது ஓர் இணைப்புத் துண்டுக்குள். அந்த அடாப்டரோ அலுமினிய உடலில் திருகப்பட்டிருக்கிறது. நட்டோடு சேர்ந்து அடாப்டரும் சுழன்றால் அலுமினிய மரை கெட்டு, சிறிய வேலை மிகப் பெரிய செலவாகிவிடும். ஆகவே ஒரு ஸ்பேனரால் அடாப்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் தளர்த்தினேன். வடிந்த ஆயிலைச் சுத்தமான தட்டில் ஏந்தி அளந்தபோது 600 மில்லி இருந்தது. திறந்த இரண்டு வாய்களையும் உடனே ரப்பர் மூடியால் மூடினேன், ஏனெனில் கியர்பாக்ஸின் வால்வுப் பகுதிக்குள் ஒரு மணல் துகள் போவதும் நல்லதல்ல.

உண்மையான காரணம் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விளங்கியது. குழாயின் முனை கூம்புபோல விரிக்கப்பட்டிருக்கும். அடாப்டருக்குள் அதற்கு ஈடான கூம்பு இருக்கை ஒன்று உண்டு. இரண்டு உலோகக் கூம்புகளும் ஒன்றோடொன்று அழுந்துவதால்தான் ஆயில் அடைபடுகிறது. மரையின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே, அடைப்பது அதன் வேலையல்ல. ஆகவே மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதாலோ பசை பூசுவதாலோ இங்கே பயனில்லை. பிய்ந்த துணுக்குகள் உள்ளே பயணம் செய்வதே மிஞ்சும். சரியாக அமர்ந்த கூம்பில் பளபளப்பான தடம் ஒரு முழு வட்டமாக இருக்க வேண்டும். என் குழாயின் கூம்பிலோ அது பிறைபோலப் பாதி வட்டமாகவே இருந்தது. நட்டின் முதல் மரை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அடாப்டரின் உள்மரையிலும் அதற்கு இணையான காயம் இருந்தது. ரேடியேட்டரை மாற்றியபோது குழாயைத் தாங்கும் பட்டைகளை முதலில் போல்ட்டு போட்டு இறுக்கிவிட்டு, அதன்பின் நட்டைச் சாய்வாகவே ஏற்றியிருக்கிறார்கள் என்று ஊகித்தேன். பட்டைகளை ஒட்டி நின்ற குழாயின் முனை, துளையின் நேருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தது.

குழாயை எவ்வளவு நேராகத் துளைக்கு முன் நிறுத்துகிறோமோ அவ்வளவு எளிதாக நட் தானே ஏறும்; கோணலான குழாயை நட்டின் வலிமையால் இழுத்து நேராக்க முயல்வதிலிருந்துதான் இந்தக் கசிவு பிறந்தது. இந்த வேலையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அடாப்டரைப் புதிதாக வாங்கி, புதிய வாஷருடன் கையால் ஏற்றி, வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். நட்டின் நசுங்கிய முதல் மரையைச் சிறு முக்கோண அரத்தால் சீராக்கி, துகள் இல்லாமல் கழுவினேன். பழைய அடாப்டரைத் தூக்கி எறியவில்லை. அதன் கெட்ட முதல் மரையைத் தேய்த்துச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு நட்டை அதில் பத்துப் பதினைந்து முறை ஏற்றிப் பழகினேன். நேராக ஏறும் நட்டும் சாய்வாக ஏறும் நட்டும் விரலுக்கு எப்படி வேறுபட்டுத் தெரிகின்றன என்பதை முன்னதாகவே அறிந்துகொண்டது, வண்டிக்கு அடியில் பார்வை இல்லாமல் வேலை செய்தபோது பெரிதும் உதவியது.

மூன்றாம் முயற்சியில் முதலில் இரண்டு பட்டைகளின் போல்ட்டுகளையும் முழுவதுமாகக் கழற்றிக் குழாயைச் சுதந்திரமாக விட்டேன். முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றைச் சப்ஃபிரேமின் மேல் சாய்த்து வைத்து, குழாயின் முனையும் துளையும் ஒரே கோட்டில் நிற்கும்வரை குழாயை இடக்கையால் அசைத்து, அந்த இடத்தில் அதைத் துணிச் சுருளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். பிறகு வலக்கையின் இரண்டு விரல்களால் நட்டைத் துளையில் வைத்து, இறுக்கும் திசைக்கு எதிராக மெதுவாகச் சுழற்றினேன். மரையின் தொடக்கங்கள் சந்திக்கும் இடத்தில் நட் மிகச் சிறிதாக ஒரு படி இறங்குவது விரல்நுனிக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து இறுக்கும் திசைக்குத் திருப்பியதும், எந்தத் தடையும் இல்லாமல் விரலாலேயே நான்கு சுற்று ஏறியது. ஸ்பேனரைத் தொடாமல் குறைந்தது மூன்று சுற்றாவது ஏறாத நட்டை நான் இனி நம்பமாட்டேன்.

இறுக்குவதற்கு அங்கே ஸ்பேனரை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் அசைக்க முடிந்தது. ஸ்பேனரின் தலை 15 பாகை சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு அசைவுக்கும் அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 பாகை இடமே போதுமானது. இப்படிப் பொறுமையாக இறுக்கி, கூம்புகள் அழுந்தும் உறுதியான நிறுத்தம் கைக்குத் தெரிந்தபின் சற்றே கூடுதலாக இறுக்கி விட்டுவிட்டேன். பட்டைகளை அதற்குப் பிறகுதான் மாட்டினேன், குழாய் இழுபடாமல் அமர்வதற்காக ஒன்றின் துளையைச் சிறிது அகலப்படுத்தவும் வேண்டியிருந்தது.

அடியில் இருந்தபோதே குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பகுதியையும் மாற்றிவிட்டேன், ஏனெனில் அது விறைத்து வெடிப்புகள் விட்டிருந்தது. ரேடியேட்டர் ரப்பர் குழாய் சூடான ஆயிலில் ஊறிக் கெட்டுவிடும் என்பதால், எஸ்.ஏ.இ. ஜே 1532 என்ற தரக்குறி அச்சிட்ட, கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்த குழாயை வாங்கினேன். இரும்புக் குழாயின் மேடான வளையத்தைத் தாண்டி அதைச் செருகி, கிளாம்ப்பை வளையத்துக்கு அப்பால் வைத்து இறுக்கினேன்.

வண்டியைச் சமதளத்தில் இறக்கி, கையேட்டில் குறிப்பிட்ட வகை ஆயிலையே வடிந்த அளவுக்கு ஊற்றினேன். என் வண்டியில் அளவைப் பார்ப்பது சூடான நிலையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் 'பி'க்குத் திரும்பிய பின் அளவுக் கம்பியை எடுத்தேன். முதல் முறை குறியைவிடக் குறைவாகவே காட்டியது, புதிய ரப்பர் குழாய் நிரம்பியதும் பல நாட்கள் சொட்டியதும் அதற்குக் காரணம். நூறு நூறு மில்லியாக மொத்தம் 300 மில்லி சேர்த்தபோது குறிக்குள் வந்தது. அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும் என்பதால் இந்த நிதானம் தேவைப்பட்டது.

நட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைக் கட்டி, சிறிது தொலைவு ஓட்டிவந்து, எஞ்சின் ஆறிய பின் பார்த்தேன், காகிதம் உலர்ந்திருந்தது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு வேறொரு காகிதம் கட்டிப் பார்த்தபோதும் அப்படியே. திரும்பி வரும் குழாயின் ரப்பர் பகுதியும் அதே வயதுடையது, விரலால் அழுத்தினால் நெகிழ மறுக்கிறது. அடுத்த விடுமுறையில் அதை மாற்றுவதற்கான குழாயையும் இரண்டு கிளாம்ப்புகளையும் வாங்கி வைத்திருக்கிறேன்.