அண்ணன் மகளுக்கு எந்தப் படிப்பு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து என் போனில் ஒரே கேள்விதான். "பிள்ளைக்கு நீட் மார்க் காணாது. ஏதாவது பாராமெடிக்கல் சேத்துவிடலாம்னு பாக்கோம். எது நல்லதுன்னு சொல்லுங்க." முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எங்கள் யூனிட்டுக்கு வரும் நோயாளிகளின் வீட்டு ஆட்களும் கேட்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னாலஜிஸ்ட். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்கிற வேலை. வருடம் தவறாமல் மே, ஜூன் மாதங்களில் இந்தப் பேச்சு உண்டு.

இந்த வருடம் எங்கள் வீட்டிலேயே வந்துவிட்டது. அண்ணன் மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்துப் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். கொடுத்த வேலையைக் கடைசி வரை பார்த்து முடிக்கிற பிள்ளை. மதினிக்கு மனதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டாக்டர், அது இல்லையென்றால் நர்ஸ், அதுவும் இல்லையென்றால் மற்றது. நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இதே வரிசைதான்.

அந்த வரிசைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் வந்து பார்த்தால் இவை ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கும் வேலைகள் இல்லை. ஒவ்வொன்றும் வேறு மாதிரி நாள், வேறு மாதிரி களைப்பு. ஒன்றில் ஜொலிக்கிறவர் இன்னொன்றில் நொந்துபோவார். ஆகவே மார்க்கை வைத்து எது கிடைக்கும் என்று கேட்கும் முன்னால், தினமும் எந்த வேலையைச் செய்ய இந்தப் பிள்ளைக்கு மனம் வரும் என்று கேளுங்கள்.

என் வேலையையே சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். நோயாளி வரும் முன்பே தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடும். நிமிடத்துக்கு 500 மில்லி கரைசல் என்று கணக்குப் போட்டால் ஒரு ஆளுக்கு 120 லிட்டர் ஆகிறது. அத்தனையும் ஒரு மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் ரத்தத்தோடு உறவாடுகிற தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் அப்படியே மெஷினுக்குள் விட முடியாது. ஆர்.ஓ. பிளான்டில் சுத்தமாகி, குளோரின் இல்லை என்று சோதித்த பிறகுதான் விடுவோம்.

அப்புறம் எடை. போன தடவை டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனபோது இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர். கையில் பிஸ்டுலா, அதாவது ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம், அதன் மேல் விரல் வைத்தால் சுர்ரென்று ஒரு அதிர்வு தெரியும். அது தெரிந்தால்தான் நிம்மதி. இரண்டு ஊசி குத்துவோம், ஒன்று ரத்தத்தை எடுக்க, ஒன்று திருப்பி அனுப்ப. நடுவில் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், சிலருக்கு வாந்தி வரும். நான்கு மணி நேரமும் மெஷினையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் படித்தால் வந்துவிடும். மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் பயிற்சி என்று நான்கு வருடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பில் கிடைக்காத ஒன்று உண்டு. எங்களிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வருடக்கணக்கில் வருகிறார்கள். பெரும்பாலும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம், வயல் தகராறு, பேரன் பிறந்தது எல்லாம் எனக்குத் தெரியும். கோடையில் ஆசைப்பட்டு இளநீர் குடித்துவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி உடம்பு சோர்ந்து வருகிறவரிடம் கோபப்படவும் வேண்டும், அணைத்துப் பேசவும் வேண்டும். ஒருநாள் அவர் வராமல் போவார். அடுத்த வாரம் அதே கட்டிலில் வேறு ஒருவருக்கு ஊசி குத்த வேண்டியிருக்கும். இதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் சிரித்த முகத்தோடு வர முடிகிறவர்களுக்கு இது அருமையான வேலை. எனக்கு இது பிடித்த வேலை. வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

லேப் இதற்கு நேர் எதிர். அங்கே முகம் குறைவு, குழாய்கள் அதிகம். ஆனால் எங்கள் நோயாளியின் உயிர் பல நேரம் லேப்பில் இருப்பவர் கவனத்தில்தான் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்படி வந்த எண்ணை நல்ல லேப் ஆள் அப்படியே எழுதி அனுப்ப மாட்டார். சாம்பிளின் நிறத்தைப் பார்த்து, போன் போட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். பொறுமையும் சந்தேகப்படுகிற புத்தியும் உள்ள பிள்ளைகளுக்கு மெடிக்கல் லேப் டெக்னாலஜி (எம்.எல்.டி.) பொருத்தம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியும் மைக்ரோபயாலஜியும் நல்ல படிப்புகள். எம்.எஸ்சி., ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்று போகலாம். ஆனால் ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு என்று படிக்கிற எம்.எல்.டி. பட்டமும் அதுவும் ஒன்றில்லை. சேரும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸ்ரே, சி.டி. பக்கம் பெண் பிள்ளைகளை அனுப்பப் பயப்படுகிறார்கள். "ரேடியேஷன் பட்டா நாளைக்குக் கொழந்த பாக்கியம்?" என்று மதினியும் கேட்டார். அந்த வேலையில் இருப்பவர்கள் மார்பில் ஒரு சிறு பட்டை குத்தியிருப்பார்கள். எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளப்பார்கள். ஐந்து ஆண்டுச் சராசரி, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. ஒழுங்காக விதியைப் பின்பற்றும் இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை.

பார்மசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.பார்ம் இரண்டு வருடம், பி.பார்ம் நான்கு, பார்ம்.டி ஆறு. உயிரியல் எடுக்காமல் கணிதம் எடுத்த பிள்ளைகளுக்கும் வழி இருக்கும் படிப்பு. சித்தாவுக்கு நீட் வேண்டாம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. நம் மண்ணின் வைத்தியம் நம் ஊரிலேயே கற்கக் கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம்.

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) பற்றி யோசிக்கிறவர்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975இல் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். அவர் 1981இல் அதை ஆரம்பித்தார். ஒரு கிராமத்தில் மறுவாழ்வு சிகிச்சை எந்த அளவுக்கு ஒரு குழந்தையின் வாழ்க்கையை மாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நம் பக்கத்தில் இல்லை. அதுபோலப் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஆனாலும் செவித்திறனும் பேச்சும் சார்ந்த படிப்பு ஒன்று இருப்பதே நம் வீடுகளில் தெரியாது. குழந்தைகளோடு பொறுமையாக உட்காரத் தெரிந்த பிள்ளைகள் அதையும் பார்க்க வேண்டும்.

நர்சிங்கை நான் தாழ்த்திச் சொல்லவே மாட்டேன். நான்கு வருடம் படித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால் அரசு வேலை, வெளிநாடு, மேற்படிப்பு, கற்பித்தல் என்று இத்தனை கதவுகள் திறக்கும் படிப்பு வேறு இல்லை. மூன்று வருட ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்தவர்களும் பின்னால் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் வாங்கலாம். ஆனால் நைட் டியூட்டி உண்டு. பத்துப் பதினைந்து நோயாளிகள் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், டாக்டரும் கூப்பிடுவார், சொந்தக்காரர்கள் சத்தம் போடுவார்கள். நடுவில் நின்று எதையும் மறக்காமல் செய்ய வேண்டும். அந்தத் தெம்பு உள்ள பிள்ளையை "நைட் டியூட்டி, கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று சொல்லி வீட்டில் தடுக்காதீர்கள். அந்தத் தெம்பு இல்லாத பிள்ளையை "நர்ஸ்னா வேலை உறுதி" என்று தள்ளவும் செய்யாதீர்கள்.

எம்.பி.பி.எஸ். ஆசை உள்ள பிள்ளையிடம் ஆசையை விடு என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் ஆசை பிள்ளையுடையதா, வீட்டுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீட்டுக்கு இன்னொரு வருடம் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தப் பிள்ளை முடிவு.

இனிச் சொல்லப்போவது என்னால் கோபமில்லாமல் சொல்ல முடியாதது. எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிய காசில் தவணை தவணையாகப் பீஸ் கட்டி ஒரு இடத்தில் படித்தாள். மாடியில் போர்டு, வெள்ளைக் கோட்டு, ஆண்டு விழா, எல்லாம் இருந்தது. முடித்து வேலை கேட்டுப் போன இடத்தில் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு எந்த அங்கீகாரமும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை படித்தது பொய்யில்லை, கண் விழித்ததும் பொய்யில்லை. ஏமாற்றப்பட்டாள்.

ஆகவே கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று சொன்னால், அதன் இணையதளத்தில் அந்தக் கல்லூரி பெயரும் அந்தப் படிப்பும் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில நேரம் கல்லூரி இருக்கும், நீங்கள் சேரும் படிப்பு பட்டியலில் இருக்காது. நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில், பார்மசிக்கு பார்மசி கவுன்சில் அனுமதி வேண்டும். மற்ற படிப்புகளுக்கும் 2021இல் வந்த சட்டப்படி ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது. அதனால் பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த விதியை நம்பாமல், இந்த வருட விளக்கக் கையேட்டை முழுதாக வாசியுங்கள்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்புகளில் பலவற்றுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சம்பளம் குறைவு. சில வருட அனுபவத்துக்குப் பிறகுதான் கை நிமிரும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி இதில் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். அரசுக் கல்லூரி இடத்துக்கு முதலில் முயலுங்கள். வெளியூர் என்றாலும் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளிடம் இத்தனையும் சொன்னேன். எங்கள் யூனிட்டுக்கும், அனுமதி வாங்கி லேப்புக்கும் கூட்டிப் போனேன். டயாலிசிஸ் அறையில் சுவரோரமாக நின்றாள். லேப்பில் மைக்ராஸ்கோப் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. "இது சிவப்பணு, சரி, அந்த ஓரத்துல நிக்கது என்னது?" என்று அங்கிருந்தவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் அவள் அத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

விருப்ப வரிசையில் லேப் டெக்னாலஜி முதலில், ரேடியோகிராபி அடுத்து, பி.பார்ம் அதற்கடுத்து என்று அவளே எழுதினாள். நர்சிங் ஏன் இல்லை என்று மதினிக்கு வருத்தம். "யம்மா, நாலு பேரு ஒண்ணாக் கூப்பிட்டா எனக்குக் கை ஓடாதும்மா" என்றாள். மதினி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் படிப்புக்கு ஹாஸ்டல் எங்க இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அண்ணன் இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டிருக்கிறான். சாதிச் சான்று இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும், மதினியின் பீடி அட்டையை (பீடித் தொழிலாளர் அடையாள அட்டை) வைத்துத் தொழிலாளர் நலத் துறை உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் பீடி அட்டை இருந்தால் அதை இப்போதே தேடி எடுத்து, பெயரும் எழுத்தும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வையுங்கள்.