ஸ்போர்ட்ஸ் பிசிக்கலில் அந்த நாலு கேள்வி: பேனா யார் கையில்?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி டீமில் சேர ஸ்போர்ட்ஸ் பிசிக்கல், அதாவது விளையாடத் தகுதியா என்று பார்க்கும் மருத்துவப் பரிசோதனை, முடித்திருக்க வேண்டும். இதற்கு ஆறு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டி போடுகின்றன. 2019-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பின் ஃபாரத்தில், மருந்து, அலர்ஜி விவரங்களுக்குக் கீழே மனநிலையைப் பற்றிய பிஎச்க்யூ-4 என்ற நாலு கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை அடக்க முடியாமல் போனதா, எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை போனதா. இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3.

கூட்டுவதில்தான் முதல் தவறு. நாலையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. முதல் இரண்டு பதற்றத்துக்கு, அடுத்த இரண்டு மனச்சோர்வுக்கு. எந்த ஜோடியின் கூட்டலிலாவது 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பாசிட்டிவ், அதாவது மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ஒரு பையனுக்கு இரண்டு ஜோடியிலும் 2 வந்து மொத்தம் 4 ஆனாலும் பாசிட்டிவ் இல்லை. மனச்சோர்வில் மட்டும் 3 வந்து மற்றதெல்லாம் 0 என்றால் பாசிட்டிவ். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது பிள்ளையைக் கோட்டை விட்டுவிடுவார்.

அதைவிடப் பெரிய சிக்கல், அதை நிரப்புவது யார் என்பது. ஃபாரத்தைப் பெரும்பாலும் வீட்டில் அம்மாவோ அப்பாவோதான் நிரப்புகிறார்கள். பிள்ளையின் மனசுக்குள் இருப்பதை இன்னொருவர் வட்டமிட்டால் அது வெறும் ஊகம். பள்ளி ஜிம்மில் வரிசையில் நிற்க வைத்துப் பிசிக்கல் நடத்தினால் நிலைமை இன்னும் மோசம். பின்னால் டீம் நண்பன், பக்கத்தில் கோச். யார் வாய் திறப்பார்கள்? வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய், பெற்றோரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்த நாலை மட்டும் பிள்ளையே நிரப்பினால் பதில் மாறும். சொல்வதை ரகசியமாக வைப்பேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்வேன் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாசிட்டிவ் என்றால் டீமிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்ற பயம் நம் ஊர்க்காரப் பெற்றோருக்கும் உண்டு. வழிகாட்டியின்படி பள்ளிக்குப் போக வேண்டியது, விளையாடலாமா என்று டாக்டர் குறிக்கும் தகுதிப் பக்கம் மட்டும். கேள்வி-பதில் பக்கம் டாக்டர் கோப்பிலேயே இருக்க வேண்டும். மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைத்துக்கொண்டே விளையாட அனுமதிக்கும் கட்டமும் அந்தத் தகுதிப் பக்கத்தில் இருக்கிறது. விளையாட்டை நிறுத்துவதே பல பிள்ளைகளுக்கு நிலைமையை மோசமாக்கும்.

இந்த நாலும் தற்கொலை எண்ணத்தைத் தொடுவதே இல்லை. பாசிட்டிவ் வந்தால் அடுத்து விரிவான கேள்வித்தாள்: மனச்சோர்வுக்குப் பதின்ம வயதினருக்கான பிஎச்க்யூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7, இரண்டிலும் பொதுவாக 10 எல்லை. ஆனால் தற்கொலை எண்ணத்தைக் கேட்கும் பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் 5 ஆனாலும், அன்றைக்கே உட்கார்ந்து பேசியாக வேண்டும். விளையாட்டுப் பிள்ளைகளிடம் இன்னொரு குழப்பம்: பிஎச்க்யூ-9-இல் தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளில் கடும் பயிற்சியே மார்க்கை ஏற்றிவிடும். எடை குறைக்கும் மல்யுத்த வீரன் பசியில்லை என்றால் அது மனச்சோர்வா, பட்டினியா? ஃபாரத்தின் எடை, டயட், மாதவிடாய்க் கேள்விகளைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். தலையில் அடிபட்ட வரலாற்றையும்தான். எரிச்சலும் தூக்கக்கேடும் அதிலிருந்தும் வரும்.

நேரமும் ஒரு ஓட்டை. பிசிக்கல் ஜூன், ஜூலையில் நடக்கும். பள்ளி இல்லை, மேட்ச் இல்லை. கேள்வியோ கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி. முழங்கால் தசைநார் அறுவது அக்டோபரில். மாதக்கணக்கில் டீமைவிட்டு வெளியே உட்காரும் அந்தப் பிள்ளையின் ஃபாரத்தில் ஜூனில் போட்ட நாலு சுழியம்தான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து தையல் பார்க்க வரும் நாளில் அதே நாலையும் மறுபடி கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.